தளபதி தூக்கிப் பிடித்த வேட்டி

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது உரக்கச் சொல்லுகிற கதை இல்லை.

உப்புத்துறைப் பட்டணத்தைப் பிடித்த தளபதி, முதல் வேலையாக ஊர்க்கொடியைக் கொளுத்தினான். மஞ்சள், வெள்ளை, நீலம் என்று பக்கம் பக்கமாக மூன்று பட்டை போட்ட கொடி அது. "இந்த மூணு நிறமும் இனிமேல் எங்கேயாவது சேர்ந்து பறந்தால், அந்தத் துணிக்குச் சொந்தக்காரன் ஊரைவிட்டே போகணும்" என்று தண்டோராவும் போட்டான்.

மறுநாள் விடிந்ததும் ஆற்றங்கரையில் மூன்றும் சேர்ந்தே பறந்தன. துணி வெளுக்கிற மாடத்தி கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தாள். பார்க்க வந்த ஜனம் கரையெல்லாம் உட்கார்ந்திருந்தது.

தளபதி குதிரையில் பாய்ந்து வந்தான். "ஏ பொம்பள, யாரு துணி இது?"

"உங்க வீட்டுத் துணிதான் சாமி. மஞ்சள், உங்க வீட்டம்மாவோட சேலை. நீலம், உங்க மச்சான் போர்வை. நடுவுல வெள்ளை, உங்க ஜரிகை வேட்டி. இப்ப யாரு ஊரைவிட்டுப் போகணும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தளபதி குதித்து இறங்கி வேட்டியை வெடுக்கென்று உருவினான்.

"ஐயோ, கீழே சேறு! நாளைக்கு உங்க ராஜா முன்னாடி கட்டிக்கிட்டு நிக்கிற வேட்டியாச்சே. தூக்கிப் பிடிங்க சாமி, இன்னும் மேல!"

அவன் பதறிப்போய் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். காற்று அடித்தது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே, தளபதி கையிலேயே, வெள்ளை படபடவென்று பறந்தது.

கரையில் இருந்த ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. மாடத்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தினமும் ஊர்க்கொடிக்குப் போட்டுவந்த மாதிரியே, ஒரு பெரிய கும்பிடு போட்டாள்.