ஊசிக்கரட்டுக் கம்பம்

நாச்சிமுத்துவின் மனக்குறை வெகுகாலத்தது. திலகவதி அம்மா டிஜிட்டல் வானொலி நிறுவியபோது, தூரத்து வெள்ளிமுடி மலையின் பெரிய கோபுரத்தைச் சின்னராசுவிடம் ஒப்படைத்தார். நாச்சிமுத்துவுக்குக் கிடைத்தது ஊசிக்கரட்டு என்ற சிறு குன்றில் ஒரு சின்ன ஒலிபரப்புக் கம்பம். இருவரும் அம்மாவிடம் ஒன்றாகத் தொழில் படித்த சீடர்கள். நாச்சிமுத்து அம்மாவைவிடவே வயதில் மூத்தவர். அதை அவர் ஒருநாளும் மறக்கவில்லை.

மலை மறைத்த பள்ளங்களுக்குப் பெரிய கோபுரத்தின் அலை சரியாக எட்டாது. அங்கே கேட்கத்தான் கரட்டுக் கம்பம். இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே பேச்சை அனுப்பும். கரட்டுக் கம்பத்தின் ஒலிபரப்புப் பெட்டி மட்டும் ஒரு துளி நேரம் தாமதித்து அனுப்பும்படி அம்மா அமைத்திருந்தார்.

"அவன் முந்தி, நான் பிந்தியா?" என்று நாச்சிமுத்து அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டார்.

கரட்டடியில் கம்பத்தின் குரல் கணீரென்று கேட்டது. சமவெளியில் கோபுரத்தின் குரல் கேட்டது. இரண்டும் சம பலத்தில் வந்து சேரும் நடுத்துறை ஊரில் மட்டும் வானொலி ஊமையாகிப் போனது.

நடுத்துறை ஆற்றோரத்தில் இருக்கிறது. மேலே அணை நிரம்பிக்கொண்டிருந்தது. மதகு திறந்தால் அந்த ஊருக்குச் சொல்ல வானொலியை விட்டால் வேறு வழியில்லை.

நடுத்துறையில் ஆடு மேய்க்கும் தாயம்மாள் வானொலிப் பெட்டியை அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"உங்காளுங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னா எங்க காதையா பொத்துவீங்க? அந்தக் கம்பத்தைப் புடுங்கிக் குடுங்க, கொடியாச்சும் கட்டித் துணி காயப்போடறோம்."

நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "என் கம்பத்துல ஒரு குத்தமும் இல்லீங்கம்மா. அவனோட கோபுரத்தை அணைக்கச் சொல்லுங்க."

அம்மா ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரையும் காய்ந்த ஆற்று மணலுக்கு அழைத்துப் போனார். ஒலிபெருக்கியோடு ஒருவரை வெகு தூரத்தில் நிறுத்தினார். இன்னொருவரைப் பக்கத்தில் வெறும் வாயோடு நிறுத்தினார். இருவர் கையிலும் ஒரே அறிவிப்பு. அம்மா துண்டை உயர்த்தியதும் இருவரும் படித்தார்கள்.

"என்ன கேட்டுது?" என்றார் அம்மா.

"சந்தைக் கூச்சல்" என்றாள் தாயம்மாள்.

"ரெண்டு பேரும் ஒரே சமயத்துலதானே ஆரம்பிச்சாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"ஆரம்பிச்சாங்க. ஒரே சமயத்துல இங்கே வந்து சேரலியே. பக்கத்துல இருக்கறவரு எப்ப ஆரம்பிக்கணும்னு இனி நீங்க சொல்லுங்கண்ணா. தாயம்மாவுக்குப் புரியணும், அவ்வளவுதான்."

தூரத்தில் ஒலிபெருக்கிக்காரரின் வாய் அசைவது தெரிந்தது. நாச்சிமுத்து உடனே கையைக் காட்டினார். மறுபடியும் கூச்சல்.

"கண்ணைப் பாக்காதீங்க, காதைக் கேளுங்க" என்றாள் தாயம்மாள்.

அடுத்த முறை நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். மணலைக் கடந்து முதல் சொல் வந்து காதைத் தொடும் நேரம் பார்த்துப் பிடியை விட்டார். இரண்டு குரலும் ஒன்றாகி ஆறு முழுக்க நிறைந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. ஒரு குரலாய் வந்ததைவிடக் கனமாய் வந்தது.

நாச்சிமுத்து கண்ணைத் திறந்தார். பிறகு, விட மனமில்லாமல் கேட்டார்.

"அதுக்கு ஏம்மா கிட்ட இருக்கறவன்தான் காத்திருக்கணும்? தூரத்துல இருக்கறவன் காத்திருக்கக் கூடாதா?"

"காத்திருக்கட்டுமே. இன்னும் லேட்டா வரும்."

தாயம்மாள் சிரித்துவிட்டாள். நாச்சிமுத்து கரட்டில் ஏறினார். எடுத்த தாமதத்தைத் தன் கையாலேயே திரும்ப வைத்தார். வைக்கும்போதும் சின்னராசுவை ஒரு வார்த்தை திட்டத்தான் செய்தார்.

அந்த வாரமே அணை திறந்தது. நடுத்துறையில் அடுப்படியிலும் தொழுவத்திலும் டீக்கடையிலும் ஒரே நேரத்தில் வானொலி பேசியது. "தண்ணீர் வருகிறது. மேட்டுக்குப் போங்கள்." ஊர் எழுந்தது. கைக்குழந்தைகளும் கட்டிலோடு தூக்கப்பட்ட கிழவர்களும் தாயம்மாளின் ஆடுகளும் மேடேறினார்கள். வெள்ளம் வந்து தெருக்களில் தேடிப் பார்த்தது. ஒரு கோழிகூட அகப்படவில்லை.

மேட்டில் பெண்கள் இட்ட குலவை கரட்டு உச்சிவரை கேட்டது. தாயம்மாள் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

நாச்சிமுத்து கம்பத்தைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஆனாலும் அந்தப் பழைய முள் உள்ளே அசைந்தது.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவங்க கேட்டது அவன் கோபுரத்தையா, என் கம்பத்தையா?"

அருகில் நின்ற திலகவதி அம்மா கீழே தெரிந்த மேட்டைக் காட்டினார்.

"கீழே போங்கண்ணா. உங்க குரலுக்கு ஏறினவங்களை மட்டும் ஒரு பக்கமா நிறுத்துங்க. எண்ணிப் பாத்துச் சொல்றேன்."