மூக்காயியின் கொட்டாங்குச்சி

உங்கள் கையில் இருக்கிற மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ள யாரிடமாவது அனுமதி கேட்டிருக்கிறீர்களா கண்ணுகளா? முள்ளெலி மூக்காயிக்கு அப்படி ஒரு நிலைமை வந்தது.

மூக்காயி குடியிருந்தது கண்மாய்க் கரையை ஒட்டிய உடைமரக் காட்டில். கரையான் தின்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. யார் வீட்டில் கரையான் ஏறினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வந்து வயிறாரத் தின்றுவிட்டுப் போவாள். வீடு சுத்தமாகிவிடும். அதற்குக் கூலியாகக் குன்றிமணி தருவார்கள். அந்தக் காட்டில் எதை வாங்கவும் விற்கவும் குன்றிமணிதான்.

ஒரு நாள் கரடி ராஜா உத்தரவு போட்டார். "திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டது. எல்லோரும் தங்கள் மணியைப் புளியமரப் பொந்தில் கொண்டுவந்து வையுங்கள். வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்."

பொந்துக்குக் காவலாக உடும்பைப் போட்டார். உடும்பண்ணன் எதைப் பிடித்தாலும் லேசில் விடமாட்டார். அதனால்தான் அவருக்கு அந்த வேலை.

முதலில் கேட்டவுடன் கொடுத்தார். பிறகு, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுக் கொடுத்தார். அப்புறம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் மணி எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. மூக்காயிக்கு மூன்று குட்டிகள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. அன்று காலையில் பார்த்தால் வளைக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொழுது சாய்வதற்குள் மேட்டில் ஒரு புது வளை தோண்டியாக வேண்டும். இல்லாவிட்டால் குட்டிகள் தண்ணீரில்தான் கிடக்கும். வளை தோண்டுவதில் கெட்டிக்காரன் பெருச்சாளி மண்ணாங்கட்டி. அவன் கூலி பத்து மணி.

மூக்காயி பொந்துக்கு ஓடினாள்.

"என்னோட பத்து மணியை எடுத்துக் குடுங்கண்ணே."

"எதுக்கு?" என்றார் உடும்பு.

"வளை தோண்ட. பழைய வளையிலே தண்ணி ஏறுது."

"அது உன் வளைதானா?"

"பின்னே, உங்க வளையா?"

உடும்பு சிரிக்கவில்லை. "போன வாரம் ராஜா உத்தரவைப் படிச்சப்போ நீ சிரிச்சியாமே. சிரிச்சவங்க மணியை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கு."

"அய்யோ, அது தும்மல் அண்ணே."

"தும்மலா சிரிப்பான்னு விசாரிக்கணும். பௌர்ணமி கழிச்சு வா."

பௌர்ணமிக்குப் பதினொரு நாள் இருந்தது. மூக்காயி அழவில்லை. அழ நேரமும் இல்லை. நேரே மண்ணாங்கட்டி வீட்டுக்குப் போனாள்.

"மணி இல்லாம எப்படி மதினி?" என்று அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கே."

"மணியை வாங்கி என்ன செய்வீங்க கொழுந்தனாரே? அதையா கடிச்சுத் திங்கப் போறீங்க?"

"அதைத் தின்னா செத்துப் போவேன். முள்ளம்பன்றி வேலாத்தா அக்காகிட்டே குடுத்து வள்ளிக்கிழங்கு வாங்குவேன்."

"அக்கா அந்த மணியை என்ன செய்யும்?"

"கரையான் ஏறினா உன்னைக் கூப்பிட்டு, உன்கிட்டே..." மண்ணாங்கட்டி பாதியில் நிறுத்தினான்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆக, கிழங்கும் இங்கேதான் இருக்கு. தோண்டுற கையும் இங்கேதான் இருக்கு. கரையான் திங்கிற வாயும் இங்கேதான் இருக்கு," என்றாள் மூக்காயி. "பொந்துலே மாட்டிக்கிட்டது மணி மட்டும்தான். கிளம்புங்க, அக்கா வீட்டுக்குப் போவோம்."

வேலாத்தா முழுக்கதையையும் கேட்டாள். அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

"கிழங்கு தரலாம்தான். ஆனா என் வீட்டிலே இப்போ கரையான் இல்லையேடி. மழை விட்டாத்தானே ஏறும்? இன்னைக்கு நான் கிழங்கைக் குடுத்துட்டு, அன்னைக்கு நீ வராம இருந்துட்டா?"

மூக்காயி அவள் வீட்டு மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைத்திருந்தது.

"நீ இலந்தைப்பழம் போட்டுக் குடுத்தனுப்புற கொட்டாங்குச்சியை நான் என்னைக்காவது வெறுசாத் திருப்பித் தந்திருக்கேனா அக்கா?"

வேலாத்தா யோசித்தாள். "இல்லை. போன தடவை நாலு நத்தை போட்டுக் குடுத்தே. நான் நத்தையே திங்கமாட்டேன். ஆனாலும் போட்டுக் குடுத்தே."

"வீட்டிலே அதுதான் இருந்துச்சு."

வேலாத்தா முள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தக் கொட்டாங்குச்சி நிறையக் கிழங்கை எடுத்து மண்ணாங்கட்டி முன்னால் வைத்தாள். அவன் தின்றான், தோண்டினான். பொழுது சாய்வதற்குள் மேட்டில் வளை தயார். கடைசிக் குட்டியைக் கவ்வி உள்ளே கொண்டு போகும்போது முதல் தூறல் மூக்காயியின் முதுகில் விழுந்தது.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் வெயில் அடித்ததும் கூப்பிடாமலே வேலாத்தா வீட்டுக்குப் போனாள் மூக்காயி. கரையான் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. ஒன்று விடாமல் தின்றுவிட்டு வந்தாள்.

சேதி காடு முழுக்கப் பரவியது. காடை முட்டை கொடுத்தது, அணில் பஞ்சு கொடுத்தது, ஆமை தாமரைத் தண்டு கொடுத்தது. வீட்டுக்கு வீடு கொட்டாங்குச்சி போனது. எதுவும் வெறுசாகத் திரும்பவில்லை. பொந்துப் பக்கம் தலைகாட்ட ஆளில்லை.

ராஜாவுக்குக் கோபம். "அந்தக் கொட்டாங்குச்சி எல்லாத்தையும் பறிச்சுக்கிட்டு வா," என்றார். உடும்பு வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு வந்தார்.

மறுநாள் எல்லோரும் புரச இலையில் வைத்துக் கொடுத்தார்கள். காட்டில் எத்தனை இலை இருக்கிறது! ராஜா அண்ணாந்து மரங்களைப் பார்த்தார். பிறகு தேன் தேடப் போய்விட்டார்.

பாவம், மாட்டிக்கொண்டது உடும்புதான். அவருக்குச் சம்பளம் குன்றிமணி. அதைக் கொண்டுபோய் நீட்டினால், "இதை வாங்கி உங்க பொந்திலேயே தானே வைக்கணும்? நீங்களே வைச்சுக்குங்க," என்றார்கள். பொந்தைக் காத்துக் காத்து அவருக்கு இரை தேடவே மறந்து போயிருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்தார். மூன்றாம் நாள், பறித்து வைத்ததில் ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு மூக்காயி வளைக்கு முன்னால் வந்து நின்றார்.

"உன் பத்து மணியும் கொண்டாந்திருக்கேன் மூக்காயி. விசாரிச்சாச்சு. அது தும்மல்தான்."

"குடுங்க. என் மணியை நான் ஏன் வேண்டாங்கணும்? நாலை வைச்சுப் பிள்ளைங்களுக்குக் கிலுகிலுப்பை செய்வேன்," என்று வாங்கிக்கொண்டாள். கொட்டாங்குச்சி நிறைய ஈசலைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

உடும்பு தின்றுவிட்டுத் தலை குனிந்தார். "நான் எதைப் போட்டுத் திருப்பித் தருவேன்? எனக்கு ஒரு வேலையும் தெரியாதே. பிடிச்சுக்க மட்டும்தான் தெரியும்."

"அதுவும் வேலைதான் அண்ணே. வேலாத்தா அக்கா கிழங்கு தோண்டும்போது கொடியைப் பிடிச்சு இழுக்க ஆளில்லாம சிரமப்படுது. போய்ப் பிடிச்சுக் குடுங்க."

உடும்பின் முகம் மலர்ந்தது.

கையில் ஒரு வேலையும் அக்கம்பக்கத்தில் நல்ல பெயரும் இருந்தால், காசை யார் முடக்கினாலும் குடும்பம் முடங்காது.

கிளம்பிய உடும்பை மூக்காயி மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. வேலை முடிஞ்சதும் மறக்காம பிடியை விட்டுடுங்க."