கோட்டைத் தொட்ட பிறகு

கபடி இறுதிப் போட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம். மின் ஸ்கோர் பலகைக்குப் புரோகிராம் எழுதியவர் தணிகாசலம். ஐம்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் படித்தவர். சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு முப்பதுதான். பலகை ஒரு தடவை சொதப்பினாலும் கரும்பலகைதான் என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. மனிதர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பாருங்க டீச்சர்! தொட்ட உடனே ஸ்கோர் ஏறுது! எல்லாத்தையும் ராம் மெமரியிலயே வெச்சுட்டேன்!"

"பிரமாதம்ணே," என்றவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

திரும்பச் செருகியபோது பலகையில் இரண்டு பக்கமும் சைபர்.

"ஐயையோ! என்ன இப்படிப் பண்ணிட்டீங்க!"

"கரண்ட் உங்ககிட்டச் சொல்லிட்டா போகும்?"

விழுந்தடித்து மாற்றினார். இப்போது ஒவ்வொரு தொடுதலும் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் அழியவில்லை. ஆனால் அரதப் பழசு டிஸ்க். பயிற்சி ஆட்டத்தில் பாடிப் போனவன் திரும்பி வந்து, மூச்சு வாங்கி, வேர்வை துடைத்த பிறகுதான் எண் மாறியது. கூட்டம் ஊளையிட்டுச் சிரித்தது.

"வேகமா ஓடுறது நிக்க மாட்டேங்குது. நிக்கிறது ஓட மாட்டேங்குது. எதைத்தான் வெச்சுக்க, டீச்சர்?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜெசிந்தா களத்தைக் காட்டினாள். ஒருவன் 'கபடி கபடி' என்று மூச்சுப் பிடித்து எதிரணிக்குள் பாய்ந்திருந்தான்.

"ரெண்டு பேரைத் தொட்டுட்டான். அவனுக்குப் பாயிண்ட் எப்போ?"

"நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து..."

முடிக்கவில்லை. கீபோர்டுக்கு ஓடினார். தொடுதல் எல்லாம் ராமில்; கோட்டைத் தொட்டதும் டிஸ்க்கில். அடுத்தவன் பாட வருவதற்குள் டிஸ்க் எழுதி முடித்துவிடும்.

இறுதிப் போட்டி. முப்பதுக்கு முப்பது. கடைசியாகப் பாடப் போனவன் ஒன்று, இரண்டு, மூன்று பேரைத் தொட்டான். பலகை முப்பத்து மூன்றுக்குத் தாவியது. ஆகா! மைதானமே எழுந்து நின்றது.

கரண்ட் போனது.

இருட்டில் விசில் ஒலித்தது. ஆட்டம் நின்றது. விளக்கு வந்தபோது பலகையும் வந்தது. முப்பதுக்கு முப்பது.

"மறுபடி பாடுப்பா!" என்றார் நடுவர். கூட்டம் அதிர்ந்தது.

தணிகாசலம் தலையில் கை வைத்தார்.

"மூணு பாயிண்ட் போச்சே டீச்சர்! ராம்ல இருந்துச்சே!"

"கோட்டைத் தொட்டானா?"

"இல்லையே, அதுக்குள்ள இருட்டிடுச்சு."

"அப்புறம் எதுண்ணே போச்சு?"