தவிட்டுக்குருவிக்கு வாய் ஓயாத காரணம்

மரம் வெட்ட வருகிறவன் மரத்தில் குடியிருப்பவர்களிடம் முதலில் கேட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், பறவையும் மிருகமும் மனுஷனோடு வாய்விட்டுப் பேசின. அடிமரத்தை மூன்று தரம் தட்டி, "யாராவது இருக்கீங்களா?" என்பான். பதில் வந்தால் அடுத்த மரத்துக்குப் போவான். வராவிட்டால் வெட்டுவான். ஆள் குடியிருக்கும் மரத்தை வெட்டினால் குடும்பம் விளங்காது என்று அவனுக்குப் பயம்.

ஒருநாள் இலுப்பைக் காட்டுக்கு உலகாண்டி என்ற மரவெட்டி வருவதாகச் செய்தி வந்தது. காட்டுக்குத் தலைவர் மயிலார். அவருக்குத் தோகை இருந்த அளவுக்கு மூளை இருந்ததா என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

"எல்லோரும் மூச்சுக் காட்டாமல் ஒளிந்துகொள்ளுங்கள். ஆளில்லாத காடு என்று அவனே திரும்பிப் போய்விடுவான்" என்று உத்தரவு போட்டார். "முக்கியமா நீ, மூக்காயி" என்று தவிட்டுக்குருவியைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு.

வாயை மூடுவதற்குப் பதில் மூக்காயி பட்டினி கிடந்துவிடுவாள். ஆனால் கூட்டில் நீல முட்டைகள் நாலு இருந்தன. அவற்றுக்காக அடங்கி உட்கார்ந்தாள். தங்கைகள் ஆறு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

உலகாண்டி வந்தான். முதல் மரத்தைத் தட்டிக் கேட்டான். பொந்துக்குள் அணிலும் மரநாயும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டிருந்தார்கள். கோடாரி இறங்கியது. இருவரும் புதருக்குள் ஓட, மரம் சாய்ந்தது. அப்போதும் மயிலார் "உஸ்" என்றார்.

அடுத்தது மூக்காயியின் மரம். டொக், டொக், டொக்.

அவள் முட்டைகளைப் பார்த்தாள். மயிலாவது மண்ணாங்கட்டியாவது என்று வாயைத் திறந்தாள். "இருக்கோம்யா. புள்ளைங்க முட்டைக்குள்ள தூங்குது, இப்படியா தட்டுவே?"

"தெரியாமப் போச்சு தாயி" என்று உலகாண்டி நகர்ந்தான்.

அடுத்த மரத்து ஆந்தை தலைவர் பேச்சை மீறாமல் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. மூக்காயி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு பறந்துபோய், "இங்கேயும் இருக்கோம்" என்றாள். அதற்கடுத்த மரத்திலும் அதே குரல். உலகாண்டிக்குச் சந்தேகம் வந்தது.

"ஒரு குடும்பத்துக்கு எத்தனை வீடு தாயி? பொய் சொல்றியா?"

பொய் என்று தெரிந்தால் காடே போச்சு. மூக்காயி திருதிருவென்று விழித்து, "இது என் கடைசித் தங்கச்சி வீடு" என்று உளறினாள்.

"அப்ப எனக்குப் பங்கு இல்லையா?" என்றாள் நடுத்தங்கை, நிஜமாகவே கோபித்துக்கொண்டு.

"உனக்குத்தான் நாவல் மரம் இருக்கே."

"அதுல ஒரு புழு கிடையாது. அதை நீயே வச்சுக்கோ."

"அப்ப வேம்பு யாருக்கு?" என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். ஏழு பேரும் பிடித்துக்கொண்டார்கள். காட்டில் இருந்த அத்தனை மரமும் அந்தச் சண்டையில் இழுபட்டது.

உலகாண்டி கோடாரியைத் தோளில் போட்டான். "பாகம் பிரிக்காத சொத்துல ஒரு குச்சியைக்கூடத் தொடக் கூடாதுப்பா. நமக்கெதுக்கு வம்பு" என்று நடையைக் கட்டினான்.

"பார்த்தீர்களா, என் திட்டம் பலித்தது" என்றார் மயிலார்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூடி, மரத்துக்கு மரம் தாவி, பொழுதுக்கும் சண்டை போடுகின்றன. மனுஷன் தட்டிக் கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. அது தெரியாமல் அவை இன்னும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.