சமக்குறி இரண்டாய் முறிந்த கதை

குறிகளும் எண்களும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், கணினிக்குக் கட்டளை எழுதுகிறவர்களிடம் சமக்குறி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலையோ இரண்டு. கணினியின் நினைவில் பெயரிட்டு வைத்த பெட்டிக்குள் ஓர் எண்ணைப் போட்டு வைப்பதும் அதுதான். உள்ளே இருக்கும் எண் இன்னொன்றுக்குச் சமமா என்று பார்த்துச் சொல்வதும் அதுதான். எழுதுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார்கள். அந்தக் குரலை வைத்தே சமக்குறி வேலையைப் புரிந்துகொள்ளும். அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓர் ஏரியின் மதகைக் கணினி காத்து வந்தது. அதற்குக் கட்டளை எழுதியவள் செங்கமலம். ஏரிக்குக் கீழே, வறண்ட ஆற்றுமணலில் அவள் தங்கை வடிவு வெள்ளரி போட்டிருந்தாள். கொடியெல்லாம் பிஞ்சு.

ஒருநாள் கோடை மழை வலுத்தது. ஏரி நிரம்பிக் கரை உடைந்துவிடுமோ என்று பயந்த செங்கமலம், ‘நீர்மட்டம் = 12 என்றால் மதகைத் திற’ என்று அவசரமாக எழுதினாள். நீர்மட்டம் என்ற பெட்டியில் அப்போது இருந்தது 7தான்.

இடிச் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை. போடச் சொல்கிறாள் என்று நினைத்த சமக்குறி, 7ஐ எடுத்துவிட்டு 12ஐப் போட்டது. அந்த 12ஐயே கொண்டுபோய், ‘என்றால்’ என்ற வாசல்காரனிடம் நீட்டியது. அவன் எந்த எண் வந்தாலும் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்கிறவன். வழி விட்டான். மதகு திறந்துகொண்டது.

இரைச்சல் கேட்டு வடிவு கரையேறித் தப்பினாள். ஒரு கொடிகூட மிஞ்சவில்லை.

“அக்கா, எல்லாம் போச்சு” என்று நனைந்த புடவையோடு வந்து நின்றாள். செங்கமலம் சமக்குறியிடம் திரும்பினாள்.

“ஏன் இப்படிச் செய்தாய்?”

“நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்?”

“நான் சொல்லவில்லை. கேட்டேன்.”

வடிவின் முகத்தைச் சமக்குறியால் பார்க்க முடியவில்லை.

“சொன்னாலும் கேட்டாலும் நான் ஒரே மாதிரிதானே நிற்கிறேன்? இனி யார் மனதையும் நானாக ஊகிக்க மாட்டேன்” என்றது. சொல்லிவிட்டுத் தன் இரண்டு கோடுகளையும் நடுவில் முறித்தது. வலியில் முனகியபடி, முறிந்த பாதிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

“ஒற்றையாக நின்றால் போடுவேன். இப்படி இரட்டையாக நின்றால் எதையும் தொட மாட்டேன். பார்த்துவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்வேன்.”

வாசல்காரனும் தலைகுனிந்தான். “எனக்கும் அந்த இரண்டு பதில் போதும். எண்ணோ எழுத்தோ வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.”

அன்று தொடங்கியதுதான், எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரலாம் என்று முன்கூட்டியே பார்க்கும் கணினி மொழிகளில் ஒற்றைச் சமக்குறி மதிப்பை வைப்பதும் இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவதும். புதிதாகப் பழகுகிறவர் எண்ணை ஒப்பிடும் இடத்தில் ஒற்றையை எழுதிவிட்டால், கட்டளை நிரல் ஓடுவதற்கு முன்பே வாசல்காரன் வழிமறித்து நிற்கிறான்: “நீ கேட்கிறாயா, சொல்கிறாயா?”