சோதனை ஒலிபரப்பு

மாசிலாமணி ஒரு காலத்தில் கடலோர வானொலி நிலையத்தை ஆட்டிப் படைத்த பொறியாளர். அவரிடம் திட்டு வாங்கியே தொழில் கற்றவர் குலசேகரன். இப்போது நிலையத்துக்குத் தலைவர் குலசேகரன்தான். தலை நரைத்தும் குருவின் முன் உட்காரமாட்டார்.

அன்று காலை பழைய மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, அதே அலையில் டிஜிட்டலை மட்டும் விட்டிருந்தார்கள். ஒருநாள் சோதனை. மதியம் குலசேகரன் டிஜிட்டல் ரேடியோ வைத்த புதுக் காரில் குருவைப் பார்க்க வந்தார்.

"சார், டிஜிட்டலுக்கு எதிர்காலம் உண்டா?"

மாசிலாமணி கதவைத் திறந்தார். காரில் ஏறி உட்கார்ந்தார்.

"ரேடியோவை வை, கேட்போம்."

வானிலைச் செய்தி. ஒரு கீறல் இல்லை. வாசிப்பவர் பின் சீட்டில் இருப்பது போலிருந்தது. மாலையில் சூறைக்காற்று, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம், போனவர்கள் உடனே திரும்பவும்.

"எப்படி சார்?" குலசேகரனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அருமை. கரைக்கு விடு."

கரையில் மீனவன் அருளப்பன் தன் வள்ளத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். பாலிதீன் பையில் சுற்றிய பழைய ரேடியோ பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தது.

"என்ன சொல்லுது அருளப்பா?" என்றார் மாசிலாமணி.

"வடை சுடுற மாதிரி காலையிலேருந்து இதே சத்தம். ஸ்டேஷன்ல எல்லாரும் செத்துட்டானுவளா?"

"இருக்கோம்ப்பா," என்றார் குலசேகரன். "தெளிவா வருதே."

"எதுல?"

"கார்ல."

அருளப்பன் சிரித்தான். "அப்ப காரைத் தூக்கி வள்ளத்துல வைங்க."

குலசேகரன் காற்றுச் செய்தியைச் சொன்னார். அருளப்பன் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது.

"என் தம்பி விடியலிலேயே போயிட்டானே. கூட இன்னும் பத்து வள்ளம். அங்க போன் எடுக்காது. அவனுவளுக்கும் இதே மாதிரி ரேடியோதான்."

மாசிலாமணி சீடரின் பக்கம் திரும்பினார்.

"நிலையத்துக்குப் போன் போடு. பழையதைத் திருப்பி விடச் சொல்லு."

போன் கையில்தான் இருந்தது. குலசேகரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் சோதனை சார். நடுவில நிறுத்தணும்னா மேலிடத்தில அனுமதி வாங்கணும். அவங்களும் கார்ல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"வாங்கு," என்றார் மாசிலாமணி. "அவங்க காருக்குள்ளயும் காத்து அடிக்காது."