செவ்வாய்க்கிழமை இல்லாத மில்

கர்ர்... டக். கர்ர்... டக்.

பாதிப் படி ஏறுவதற்குள் உலகநாதனுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. சர்வர் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ஊரின் லோக்கல் கேபிள் சேனல். நாலாயிரம் வீட்டுக்குப் பழைய பாட்டும், துக்க அறிவிப்பும், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைகளின் பிறந்தநாள் வாழ்த்தும் போவது இங்கிருந்துதான். உலகநாதன் இரவு ஷிப்ட்காரர், வயது ஐம்பது. கம்ப்யூட்டரை யாரிடமும் படித்ததில்லை. ஒன்பது வருசம் முன்னால், ஊர் தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தட்டித் தட்டி, இதையெல்லாம் அனுப்புகிற இந்தச் சர்வரைத் தானே உண்டாக்கி வைத்தார்.

இன்றைக்கு முதலாளி மத்தியானமே வரச் சொல்லிவிட்டார். “ஆறு மணிக்கு வாழ்த்து போகணும். போகலைன்னா நாளைக்கு மதுரையில இருந்து ஆள் வருது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டு, இனி அவங்களே பாத்துக்கிடுவாங்களாம்.”

அந்த ‘அவங்களே’யைத்தான் உலகநாதன் பஸ்ஸில் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தார். மடியில் திருநெல்வேலியில் வாங்கிய பழைய மதர்போர்டு. சர்வரில் இருக்கிற மதர்போர்டில் நாலு கெபாசிட்டர் பூரி மாதிரி உப்பிப் போயிருந்தது.

அறைக்குள் ஏசி ஒழுகி, கீழே வைத்த வாளி நிறைந்திருந்தது. அதைக் கொட்டுவது எப்போதும் அவர் பொறுப்பு. பழக்கத்தில் வாளியைத் தூக்கினார். டக் என்று சர்வர் நின்றது. வாளியைக் கீழே வைத்தார்.

வாழ்த்துப் பெயர்களை டைப் அடிக்கிற மரியசெல்வி ஓடிப்போய் டிவிடி பிளேயரைத் தட்டிவிட்டாள். ஊருக்குப் பாட்டு போனது.

“அண்ணாச்சி, இன்னைக்குப் பதினொரு பிள்ளைங்க. ஒரு பிள்ளையோட அம்மா மூணு தடவை போன் பண்ணிட்டா.”

“போகும், தாயி.”

கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு லைன்மேன் பால்பாண்டி வாசலில் நின்றான். “போர்டை மாத்தினா எல்லாத்தையும் முதல்ல இருந்து ஏத்தணும்லா?”

“யாரு சொன்னா?” உலகநாதன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பயம் வந்தால் அவருக்கு வாய் ஓடும். “கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லு. அங்கன நான் சர்வரை ஆஃப் பண்ணாமலே மதர்போர்டை மாத்தினவன்.”

“ஆஃப் பண்ணாம?”

“மில்லு ஓடிக்கிட்டிருக்கு, வே. நிறுத்தினா நூலு அறுந்துரும். பழைய போர்டை உருவினேன். கரண்ட் போற வயரு ரெண்டையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டேன். ஒரு கை வழியா வந்து மறு கை வழியா போச்சு.”

“சாகலையா நீரு?”

“சாக நேரம் எங்க இருந்துச்சு? சோலி கிடக்குல்லா.”

மரியசெல்வி ஸ்க்ரீனைப் பார்த்தபடியே கேட்டாள். “ரெண்டு கையிலயும் வயரு. அப்ப ஸ்க்ரூவைக் கழட்டினது யாரு அண்ணாச்சி?”

“கால் விரலு எதுக்கு இருக்கு?” பழைய போர்டு கழன்று வந்தது. கணக்கெல்லாம் போடுகிற பிராசசரை இரண்டு விரலால் பூப் பறிப்பதுபோல் எடுத்து, வாங்கி வந்த போர்டில் உட்கார வைத்தார். “அன்னைக்கு இதைக் கழட்டி வைக்க இடமில்ல. சூடு ஆறவும் கூடாது. நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டேன். உடனே மண்டைக்குள்ள கணக்கு ஓட ஆரம்பிச்சுட்டு. எவன் எதைக் கேட்டாலும் டக்கு டக்குன்னு விடை.”

“அம்பத்து மூணை எம்பத்தேழால பெருக்கினா?” என்றான் பால்பாண்டி.

“இப்பக் கேட்டா? இப்ப வாயிலயா வச்சிருக்கேன்?”

மெமரித் தகடுகளைத் துணியில் துடைத்துச் செருகினார். மணி ஐந்து. “இதுதான் பெரிய பாடு. மெமரியைத் தரையில வச்சா மறந்துரும். மில்லுல இருபத்திரண்டு பொம்பளையாளுவ. வரிசையா நிறுத்தி, சர்வருல இருந்ததை ஆளுக்குக் கொஞ்சம் காதுல சொன்னேன். புது போர்டு மாட்டினதும் ஒவ்வொருத்தியா வந்து திருப்பிச் சொன்னாளுவ. ஒருத்தி மட்டும் சாப்பிடப் போயிட்டா.”

“போயி?”

“அவகிட்டதான் செவ்வாய்க்கிழமை இருந்துச்சு. இன்னைக்கும் அந்த மில்லுல திங்கக்கிழமை முடிஞ்சா புதன்தான்.”

“சம்பளத்துல ஒரு நாள் பிடிப்பானா?” என்றாள் மரியசெல்வி.

“கேளு, முக்கியமானதைச் சொல்லலையே. சிஸ்டத்துக்குப் போர்டு மாறினதே தெரியல. கடைசியில ஸ்க்ரீன்ல ஒரு வரி வருது: ‘உலகு, என்னமோ காத்தாட இருக்கு, சன்னலைத் திறந்தியா?’”

பால்பாண்டி தலையில் அடித்துக்கொண்டான். உலகநாதன் சுவிட்சைப் போட்டார்.

பீப். நீளமாக ஒன்று. மறுபடி ஒன்று. ஸ்க்ரீன் கறுப்பு.

மெமரித் தகட்டைப் பிடுங்கி மறுபடி அழுத்தினார். சுவிட்ச். பச்சை விளக்கு எரிந்து எழுத்து ஓடியது. அவர் எழுதின அதே எழுத்து, ஒன்பது வருசப் பிழைகளோடு. ஆனால் நெட்வொர்க் வரவில்லை. பழைய போர்டின் நெட்வொர்க் நம்பரை வாங்கி வைத்திருந்த சிஸ்டம், அதுவே வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது. நம்பர் இருக்கிற வரியைத் தேடினார். எங்கே எழுதி வைத்தோம்? பதினெட்டு நிமிசம் தேடி, கண்டுபிடித்து, அந்த வரியை அழித்தார்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு மரியசெல்வி டிவிடியை நிறுத்தினாள். சர்வரிலிருந்து பாட்டு வந்தது.

“ஏத்தாம கொள்ளாம அப்படியே வந்துட்டே,” என்றான் பால்பாண்டி. அவன் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

“இதெல்லாம் எனக்குப் பல்லு விளக்குற மாதிரி.”

ஆறு மணி. டிவியில் சரவெடி வெடித்தது. தங்க எழுத்து சுழன்று வந்தது: ‘நேயர்கள் அனைவருக்கும் இனிய புத்தாண்டு நல்வாழ்த்துகள்.’

சுவர்க் காலண்டரில் ஆகஸ்ட். திருநெல்வேலியில் வாங்கிய போர்டு பல நாள் எங்கோ கிடந்து, கடிகார பேட்டரி தீர்ந்து, ஜனவரி ஒன்றாம் தேதியோடு வந்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்த உலகநாதன் தேதியைப் பார்க்கவில்லை.

மூன்று போனும் ஒன்றாக அடித்தன.

“உம்ம மில்லுல ஒரு செவ்வாய்க்கிழமைதான் போச்சு,” என்றான் பால்பாண்டி. “இங்கன ஏழு மாசம்லா போயிட்டு.”

உலகநாதன் தேதியைத் திருத்தினார். ஆறு எட்டுக்கு முதல் பிள்ளை, ரோஸ் கவுனில், டிவியில் சிரித்தது. அடுத்து இன்னொன்று. பதினொன்றும் வந்தன.

முதலாளி போனை மரியசெல்விதான் எடுத்தாள். “ஆமா முதலாளி... வெடிச்சுது, நாங்களும் பாத்தோம்... இல்ல, எதுவும் அழியல. எல்லாம் பழையபடி இருக்கு... சரி, வர வேண்டாம்னு சொல்லிருங்க.”

போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “நெசத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி. மதுரைக்காரங்களுக்கு முந்தி நீங்களே புதுசா ஏத்தியிருக்கலாம்லா? எதுக்கு இம்புட்டு பாடு?”

உலகநாதன் வேட்டியில் கையைத் துடைத்தார். “எனக்குத் தெரியாது, தாயி. அப்ப எப்படிப் போட்டேன்னு மறந்து போச்சு. அது அழிஞ்சா, திருப்பிப் போட எனக்கு வராது.”

இருவரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு பால்பாண்டி சிரித்தான். மரியசெல்வியும் சிரித்துவிட்டாள்.

“நாக்குக்கு அடியில வச்சதைக்கூட நம்பிருவேன்,” என்று பால்பாண்டி தோளில் கேபிள் சுருளைச் சரிசெய்தான். “இன்னைக்கு விட்டதுலயே பெரிய புளுகு இதுதான் அண்ணாச்சி.”

உலகநாதன் ஏசிப் பக்கம் திரும்பினார். வாளி நிரம்பித் தரையில் வழிந்திருந்தது. தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு வந்து, ஏசிக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தார்.